ஏலத்தோட்டத்துக்குப் போகும் பாக்கெட்டில் எந்த மடக்குக் கத்தி?

தேனி மாவட்டக் கூடலூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேரளத்தில் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய்த் தோட்டம் ஒன்றில் சூப்பர்வைசர் வேலை கிடைத்திருக்கிறது. தினமும் கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் ஏறி இறங்குகிறார். பாக்கெட்டில் வைத்துக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி வேண்டும், கையில் 2,000 ரூபாய் இருக்கிறது. “ஆன்லைனில் பார்த்தால் டி2, 440, டமாஸ்கஸ், டாக்டிகல் என்று என்னென்னவோ வருகிறது அண்ணே. எதை எடுப்பது? செக்போஸ்ட்டில் பிடித்தால் வம்பாகுமா?” என்பது கேள்வி.

தம்பி, எஃகின் பெயரைப் பிறகு பார்க்கலாம். எதை வெட்டப் போகிறீர்கள் என்று முதலில் யோசியுங்கள். களைக்கும் கொம்புக்கும் விறகுக்கும் மலையில் வாக்கத்தி இருக்கிறது, அந்த வேலையை எந்த மடக்குக் கத்தியும் செய்யாது. பாக்கெட்டில் இருப்பதற்கு வேறு வேலை. உர மூட்டையின் தையலைப் பிரிக்கணும், நைலான் கயிற்றை அறுக்கணும், சொட்டுநீர்க் குழாயைத் துண்டிக்கணும், சாக்குச் சணலை வெட்டணும், பதினோரு மணி டீயோடு ஒரு கொய்யாவை நாலு பேருக்குப் பங்கு போடணும். நான் 22 வருஷம் அந்த மலையில் ஏறி இறங்கியவன். ஒரு முறை சும்மா ஒரு நாள் முழுக்க எண்ணிப் பார்த்தேன். 14 தடவை கத்தியை எடுத்திருந்தேன், அதில் ஒரு தடவைகூட நாலு விரல் அகலத்துக்கு மேல் நீளமான பிளேடு தேவைப்படவில்லை.

அதனால் 6 முதல் 7.5 சென்டிமீட்டர் பிளேடு போதும். நீளத்தைவிடத் தடிமனைக் கவனியுங்கள். ‘டாக்டிகல்’ என்று விற்கும் கறுப்புக் கத்திகள் பல 3 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன். கையில் வாங்கினால் கெத்தாக இருக்கும், ஆனால் கொய்யாவில் வைத்தால் வெட்டாது, ஆப்பு மாதிரி பிளக்கும். 2 மில்லிமீட்டர் சுமாருக்கு, விளிம்பை நோக்கி நன்றாக மெலிந்துகொண்டே வரும் பிளேடுதான் தினசரி வேலைக்குச் சுகம்.

அடுத்தது ஈரம். கம்பத்தில் உட்கார்ந்து கத்தி வாங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கீழே வெயில் கொளுத்தும்போது மேலே இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை கொட்டிக்கொண்டிருக்கும். ஏலச்செடியின் அடியில் மழை நின்ற பிறகும் மழைதான். பேன்ட் பாக்கெட் நாள் முழுக்க நனைந்தே இருக்கும், கூடவே வியர்வை உப்பு. சாதா கரி எஃகுக் (கார்பன் ஸ்டீல்) கத்தியை வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாக்கெட்டில் மறந்துவிட்டுத் திங்கட்கிழமை எடுத்தால் செம்மண் பூசிய மாதிரி இருக்கும். எனவே ஸ்டெயின்லெஸ் எடுங்கள். எஃகில் குரோமியம் சேரும்போது மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடு படலம் ஒன்று உண்டாகி, உள்ளே துரு போகாமல் காக்கிறது. கத்திகளுக்கான ஸ்டெயின்லெஸ்ஸில் பொதுவாக 13 சதவீதத்தை ஒட்டிக் குரோமியம் இருக்கும். அதுவும் துருவே பிடிக்காது என்றில்லை, உப்பு ஈரத்தில் ஊறினால் புள்ளி விழும். ஆனால் துடைக்க மறந்த ஒரு நாளை மன்னிக்கும்.

கரி எஃகுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். நானும் ஒரு காலத்தில் அந்தக் கட்சிதான். சீக்கிரம் கூர் ஏறும், சுலபமாகத் தீட்டலாம், எல்லாம் உண்மை. மாங்காயையோ புளிப்பான எதையுமோ வெட்டினால் கறுத்துப்போவதைக்கூட அழகு என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தோட்டத்தில் கரி இரும்புக்கு என்றே ஒரு வேலை இருக்கிறது. அழுகல் நோய்க்கு மழைக்கு முன்னால் போர்டோ கலவை அடிப்பார்கள், நீங்களே நின்று கலக்க வேண்டியிருக்கும். 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் என்றால் 1 சதவீதக் கலவை. சுண்ணாம்பு சரியாகச் சேர்ந்ததா என்று பார்க்க, பளபளப்பாகத் தேய்த்த இரும்புக் கத்தியை ஒரு நிமிஷம் தோய்த்து எடுப்பார்கள். கத்தியின் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிச்சம் இருக்கிறது, இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்று அர்த்தம். அப்படியே அடித்தால் இலை கருகும். துத்தத்தில் உள்ள செம்பு, இரும்பின் மேல் வந்து உட்காருவதுதான் அந்தச் சோதனை. ஸ்டெயின்லெஸ்ஸில் அந்தப் படலம் குறுக்கே நிற்பதால் இந்தச் சோதனையை நம்ப முடியாது. ஆக, ஒரு பழைய இரும்புக் கத்தியைக் கலவைத் தொட்டிப் பக்கத்தில் ஆணியில் மாட்டி வையுங்கள். பாக்கெட்டுக்கு ஸ்டெயின்லெஸ்.

இப்போது எஃகின் பெயருக்கு வருவோம். டி2 நல்ல எஃகுதான், ரொம்ப நாள் கூர் நிற்கும். ஆனால் அது முழு ஸ்டெயின்லெஸ் அல்ல, அதிலுள்ள சுமார் 12 சதவீதக் குரோமியத்தில் பெரும்பங்கு கார்பனோடு சேர்ந்து கட்டியாகிவிடும். நம் மழைக்குச் சரிவராது. தீட்டுவதும் சிரமம். 14சி28என், ஏயுஎஸ்-8, 8சிஆர்13எம்ஓவி போன்றவை உங்கள் பணத்துக்கும் மழைக்கும் தாராளமாகப் போதும். வெறும் ‘440’ என்று மட்டும் எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள், அதில் ஏ, பி, சி என்று மூன்று ரகம் உண்டு, சி-தான் உசத்தி. ‘420’ என்றதும் நமக்குச் சிரிப்பு வரும், அந்த எண்ணின் ராசி அப்படி! ஆனால் அமெரிக்காவின் பக் கம்பெனி 420எச்சி என்ற ரகத்தை வைத்தே பேர் வாங்கியிருக்கிறது. எஃகின் பெயரில் பாதிதான் விஷயம், மீதி பாதி அதைப் பழுக்கக் காய்ச்சிப் பதமாக்கியவன் கையில் இருக்கிறது. ‘டமாஸ்கஸ்’ என்று மலிவாக வருவதில் பல, மேலே ஆசிட்டில் கோலம் போட்டவை. விட்டுத்தள்ளுங்கள்.

பூட்டு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மடக்குக் கத்தியால் விரலை வெட்டிக்கொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர், திறந்த கத்தி தானாக மடங்கி விரலில் இறங்கிய கதையைச் சொல்வார்கள். மீதிப் பேர் மடக்கும்போது வெட்டிக்கொண்டவர்கள். பழைய பேனாக்கத்தியில் பூட்டு கிடையாது, முதுகில் ஒரு ஸ்பிரிங் பட்டை அழுத்திப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். இழுத்து வெட்டும்வரை ஒன்றும் ஆகாது. நுனியால் குத்தித் துளை போட முயன்றால் மடங்கிவிடும். பிளேடின் முதுகில் அழுத்தம் விழும் எந்த வேலைக்கும் அது ஆகாது. லைனர் லாக் என்பதில் பிடியின் உள்ளே ஒரு தகடு நகர்ந்து பிளேடின் அடியில் முட்டுக்கொடுக்கும். ஒரு கையால் மடக்கலாம், ஆனால் மடக்கும்போது கட்டைவிரல் பிளேடு வரும் பாதையில் நிற்கும். பழகும்வரை கவனம். முதுகுப் பூட்டில் பிடியின் முதுகில் உள்ள பட்டை பிளேடின் அடியில் இருக்கும் பள்ளத்தில் விழுந்து பிடிக்கும். அது உறுதியானது, 1964இல் வந்த பக் 110 அதைப் பிரபலமாக்கியது. அதன் எதிரி, பள்ளத்தில் அடையும் அழுக்கு. பலாப்பழம் வெட்டிய பால் அந்தப் பள்ளத்தில் இறங்கி இறுகிவிட்டால், பூட்டு விழுந்த மாதிரி தெரியும், விழுந்திருக்காது. எந்தப் பூட்டு வாங்கினாலும் முதல் நாளே ஒன்று செய்யுங்கள்: திறந்து பூட்டி, விரல்களை ஓரமாக வைத்து, பிளேடின் முதுகை மரக்கட்டையில் மெல்லத் தட்டிப் பாருங்கள். மடங்கினால் திருப்பி அனுப்பிவிடலாம்.

சரி, எதை வாங்குவது?

உங்கள் இடத்தில் நான் இருந்தால் பூட்டில்லாத சின்ன சுவிஸ் கத்திதான் வாங்குவேன். விக்டோரினாக்ஸில், மடக்கினால் 91 மில்லிமீட்டர் நீளம் வரும் ரகத்தில், கார்க் திருகி இருக்கும் மாடலும் உண்டு, அதற்குப் பதில் ஸ்டார் ஸ்குரூ டிரைவர் வைத்த மாடலும் உண்டு. அந்தக் கம்பெனி சுவிட்சர்லாந்தின் இபாக் என்ற ஊரில் 1884இல் கார்ல் எல்செனர் தொடங்கியது. இன்று நாம் பார்க்கும் சிவப்புக் கத்திக்கு மூத்தது 1897இல் வந்தது. எஃகு கொஞ்சம் மென்மையானதுதான், அடிக்கடி தீட்ட வேண்டும். ஆனால் தீட்ட ஐந்து நிமிஷம் போதும், துருவுக்கு நன்றாகத் தாங்கும், பிளேடு மெலிசு. ஸ்டார் டிரைவர் மருந்தடிக்கும் பம்புக்கும் மோட்டார் பெட்டிக்கும் உதவும். கார்க் திருகியை நம் ஊரில் கேலி செய்வார்கள், ஆனால் மழையில் ஊறி இறுகிய நைலான் முடிச்சை நெகிழ்க்க அதைவிட நல்ல கருவி நான் பார்த்ததில்லை. பிடியில் செருகியிருக்கும் குட்டிச் சாமணம் முள் எடுக்க. (அட்டை கடித்தால் மட்டும் கத்தி, சாமணம் எதுவும் வேண்டாம், நகத்தை அடியில் விட்டுத் தள்ளினாலே விழுந்துவிடும்.) விலை ஏறி இறங்கும், உங்கள் 2,000-ஐக் கொஞ்சம் தாண்டினாலும் தாண்டலாம். சந்தையில் இதன் போலிகள் ஏராளம். ‘11 இன் 1’ என்று சிவப்புப் பிடியும் சிலுவையுமாகத் தொங்கும். பிளேடின் அடியில் கம்பெனிப் பெயர் தெளிவாகப் பொறித்திருக்கிறதா, பிளேடை மூடும்போது வழியெல்லாம் இழுபடாமல் கடைசியில் ‘டக்’ என்று உட்காருகிறதா என்று பாருங்கள்.

பூட்டு வேண்டும் என்றால் பிரான்சின் ஓபினெல் 8ஆம் நம்பர். பிளேடு 8.5 சென்டிமீட்டர், நான் சொன்னதைவிடக் கொஞ்சம் நீளம்தான், ஆனால் மெலிசு. கழுத்தில் ஒரு வளையம், திருப்பினால் பூட்டு. இதைவிட எளிமையான பூட்டு கிடையாது. கரி எஃகு, ஸ்டெயின்லெஸ் இரண்டிலும் வருகிறது, ஸ்டெயின்லெஸ்ஸைக் கேட்டு வாங்குங்கள். இதன் பிடி பீச் மரம். மரம் தண்ணீர் குடித்தால் பருக்கும், பருத்தால் பிளேடு பிடிக்குள் சிக்கிக்கொள்ளும். நம் மழைக்காலத்தில் அது நடக்கும் என்றே வைத்துக்கொண்டு, வாங்கியதும் பிடியின் பள்ளத்தில் உருக்கிய மெழுகோ ஆளிவிதை எண்ணெயோ ஊறவிட வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் இதன் பக்கம் போக வேண்டாம்.

ஒரு கையால் ‘சடக்’ என்று விரியும் கத்தியின் மேல் ஆசை வரும், வயது அப்படி. கயிற்றை ஒரு கையில் பிடித்திருக்கும்போது அது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் கம்பம் பஸ்ஸில் ஆரஞ்சு உரிக்க அதை ஒரு தடவை திறந்து பாருங்கள், பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து முன்னால் போய்விடுவார். பொத்தானை அமுக்கினால் பாயும் கத்தி வேண்டவே வேண்டாம். ரம்பப் பல் வைத்த வாய் நைலான் கயிற்றில் அருமையாக வேலை செய்யும், ஆனால் மழுங்கினால் நம் ஊரில் தீட்ட ஆள் இல்லை. நேர் வாயே போதும்.

செக்போஸ்ட். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016ஆம் ஆண்டு விதிகளில், பிளேடு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால்தான் கத்தி ஆயுதக் கணக்கில் வருகிறது. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. உங்கள் மூன்றங்குலக் கத்தி அந்தக் கணக்கின் பக்கத்திலேயே வராது. ஆனால் சோதிக்கிறவர் அளவுகோலோடு நிற்பதில்லை, கத்தியின் முகத்தைத்தான் பார்ப்பார். ஒரு தேர்தல் சமயம், மண்டை ஓட்டுப் படம் போட்ட கறுப்புக் கத்தி ஒன்று என்னிடம் இருந்தது, மச்சான் வாங்கிக் கொடுத்தது. அதற்காக ஒரு செக்போஸ்ட்டில் அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தேன். எதற்கு, எங்கே வேலை, யார் முதலாளி என்று விசாரித்துவிட்டு அனுப்பினார்கள். ஜீப்பில் இருந்த மற்றவர்களுக்கும் அரை நாள் கூலி போகுமோ என்று பயம். அதன்பின் சிவப்புப் பிடிக் கத்தியை எத்தனையோ தடவை காட்டியிருக்கிறேன், யாரும் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. அப்புறம், வார்த்தையும் முக்கியம். மலையாளத்தில் ‘பிச்சாத்தி’ என்றால் ஒரு பார்வை, ‘பேனாக்கத்தி’ என்றால் வேறு பார்வை. பேனாக்கத்தி என்றே சொல்லுங்கள்.

காட்டு விஷயம் வேறு, இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்பதற்குள் கத்தியும் வருகிறது, அங்கே அங்குலக் கணக்கு இல்லை. சரணாலயத்துக்குள் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. தேக்கடிப் பக்கம் சுற்றப் போனாலும், சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஏறினாலும், கத்தியை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போங்கள். கோர்ட், கலெக்டர் ஆபீஸ், கட்சிக் கூட்டம் இங்கெல்லாமும் அப்படித்தான். விமானம் ஏறினால் கைப்பையில் கூடாது, ஒப்படைக்கும் பெட்டியில் போகலாம்.

கைலி கட்டிக்கொண்டு மடியில் செருகுவது நம் பக்கத்துப் பழக்கம். குனிந்து நிமிர்ந்தால் விழுந்துவிடும், ஏலக்காட்டுச் சருகில் விழுந்தால் அடுத்த பறிப்புக்குத்தான் கண்ணில் படும். பிடியில் ஒரு சாண் சிவப்புக் கயிறு கட்டிவிடுங்கள். நான் தொலைத்த நாலு கத்திகளுக்கும் கயிறு கிடையாது.

எண்ணெய் போடுவதிலும் ஒரு மலைக் கணக்கு இருக்கிறது. பலா வெட்டும் முன் கைக்கும் கத்திக்கும் தேங்காய் எண்ணெய் தடவுவது சரி, பால் ஒட்டாது, ஒட்டினாலும் துடைத்தால் வந்துவிடும். ஆனால் மூட்டு ஆணிக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். 24 டிகிரி வாக்கில் அது உறைய ஆரம்பிக்கும். கம்பத்தில் வழுக்கிக்கொண்டு திறந்த கத்தி, மார்கழிக் காலையில் வண்டன்மேட்டில் பிசின் வைத்த மாதிரி நிற்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். பழம் வெட்டும் கத்தியாலேயே பூச்சிமருந்துப் பாக்கெட்டைக் கிழிக்கிற பழக்கம் தோட்டத்தில் சர்வ சாதாரணம், அதை மட்டும் செய்யாதீர்கள். அதற்கு ஸ்டேஷனரிக் கடையில் விற்கும் மலிவான கட்டர் ஒன்றை மருந்து ரூமிலேயே போட்டு வையுங்கள்.

தீட்டுவது: தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாள்மனையைக் கொடுங்கள், மடக்குக் கத்தியைக் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். பொறி பறக்கப் பிடித்தார், வாங்கிப் பார்த்தால் விளிம்பு நீலம் பாரித்திருந்தது. மெல்லிய விளிம்பு அந்தச் சூட்டில் பதம் இழந்துவிடும், அப்புறம் எத்தனை தீட்டினாலும் இரண்டு நாளில் மழுங்கும். ஹார்டுவேர் கடையில் ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைசுமாக இருக்கும் கார்போரண்டம் கல் கிடைக்கும். தண்ணீர் விட்டு, பக்கத்துக்கு 20 டிகிரி சாய்வில் தேயுங்கள். பாகைமானி எல்லாம் வேண்டாம், பிளேடின் அகலம் 15 மில்லிமீட்டர் என்றால் அதன் முதுகு கல்லிலிருந்து 5 மில்லிமீட்டர் எழும்பி நின்றால் அதுதான் 20 டிகிரி. ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே வர, மறுபக்க விளிம்பில் பிசிறு ஒன்று விரலுக்குத் தட்டுப்படும். அது முழு நீளத்துக்கும் வந்த பிறகு பக்கம் மாற்றுங்கள். பெரும்பாலானவர்கள் பிசிறு வரும் முன்பே பக்கம் மாற்றிவிட்டு, கல் சரியில்லை என்பார்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் வாயைப் பின்னோக்கி இழுத்து நாலு தடவை. கல் கையில் இல்லாத நாளில் பீங்கான் கப்பைக் கவிழ்த்தால் அடியில் மெருகில்லாத வளையம் இருக்கும், அவசரத்துக்கு அதுவே கல். தக்காளித் தோலை அழுத்தாமல் வெட்டினால் தீட்டியது போதும்.

இன்னொன்று. தோட்டத்தில் கத்தியைக் கடன் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மடக்கித்தான் கொடுங்கள், மடக்கித்தான் திரும்ப வாங்குங்கள். வயதான அக்காமார் சிலர் கத்தியைக் கைக்குக் கை வாங்க மாட்டார்கள், “கீழே வைங்க தம்பி, நான் எடுத்துக்கிறேன்” என்பார்கள். வைத்துவிடுங்கள்.